பரண் கட்டில் வாங்கலாமா? மூன்று வருஷம் மேலே படுத்தவனின் ஒப்பீடு

பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு துணி அலமாரி. மூன்றையும் வைத்தால் நாற்காலியைப் பின்னால் தள்ள முடியாது. நாற்காலிக்கு இடம் விட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். இப்படி இழுத்துப் பறித்து அலுத்த பிறகுதான் பரண் கட்டில் பக்கம் போனேன். கடைகளில் லாஃப்ட் பெட் என்பார்கள். பங்க் பெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை. இதில் படுக்கை மேலே மட்டும்தான். கீழே காலி இடம், மேசையோ சோபாவோ போட்டுக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு நாலு வழி தெரிந்தது. பெட்டியில் பிரித்து வந்து நாமே போல்ட் போட்டு மாட்டும் இரும்புக் கட்டில் ஒன்று. வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வது இன்னொன்று. தச்சரிடம் மரத்தில் செய்யலாம். இல்லையென்றால் பரணே வேண்டாம் என்று தரையில் மடிப்பு மெத்தையோ, சுவரோடு மடியும் கட்டிலோ வைத்துச் சமாளிக்கலாம். நான் முதலாவதை வாங்கி மூன்று வருஷம் படுத்தேன். பட்டறைக் கட்டிலையும் மரக் கட்டிலையும் வேண்டியவர்கள் வீட்டில் ஏறிப் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கீழே கிடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இதை வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் தினம் ஏழெட்டு மணி நேரம் கிடப்பது மேலே. அதனால் ஒப்பீட்டையும் மேலிருந்தே தொடங்குகிறேன்.

கூரையும் ஃபேனும்

ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 3 அடி வரும். எனக்கு 35 அங்குலம். மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே அதைவிட நாலைந்து அங்குலமாவது கூடுதலாக இருந்தால்தான் உட்கார்ந்து படிக்கலாம், போர்வையை உதறலாம். குறைந்தால் தவழ்ந்து போய்ப் படுத்து, தவழ்ந்து வந்து இறங்க வேண்டியதுதான்.

என் கட்டிலில் மெத்தையைத் தாங்கும் பட்டைகள் தரையிலிருந்து 62 அங்குலத்தில் இருக்கின்றன. மெத்தை 5 அங்குலம். ஆக 67. அறையின் கூரை 9 அடி 6 அங்குலம், அதாவது 114. மிச்சம் 47 அங்குலம், தாராளம். இதே கட்டிலை 8 அடி உயர அறையில் போட்டால் மிச்சம் வெறும் 29. கூரையைப் பார்த்தபடி சவப்பெட்டிக்குள் படுத்த மாதிரி இருக்கும். இரும்போ மரமோ, பெட்டியில் வந்ததோ பட்டறையில் செய்ததோ, இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

அப்புறம் ஃபேன். விளம்பரப் படங்களில் பரண் கட்டிலுக்குப் பக்கத்தில் சீலிங் ஃபேனை நான் பார்த்ததே இல்லை. சாதாரண ஃபேனின் வீச்சு 48 அங்குலம். நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. பத்தடி அறையின் மையத்தில் அதை மாட்டினால் சுவருக்கும் இறக்கை நுனிக்கும் இடையே 3 அடிதான் மிஞ்சும். சுவரோரம் போடும் ஒற்றைக் கட்டிலின் அகலம் சட்டத்தோடு சேர்த்து 3 அடிக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நுனி கட்டில் விளிம்புக்கு மேலேயே சுற்றும். என் அறையில் இறக்கை கூரையிலிருந்து 15 அங்குலம் கீழே தொங்கியது. மெத்தையிலிருந்து அளந்தால் 32 அங்குலம். உட்கார்ந்தால் சரியாக நெற்றி மட்டம். கட்டிலை மாட்டி முடித்து மேலே ஏறிய பிறகுதான் இது உறைத்தது. அன்று இரவு ஃபேன் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டு வியர்க்க வியர்க்கப் படுத்தேன். மறுநாள் அதைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டினோம்.

கீழே விழாமல் இருக்கக் கட்டில் ஓரத்தில் நிற்கும் தடுப்பின் உயரத்தையும் மெத்தையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பங்க் பெட் பாதுகாப்பு விதி, மேல்தட்டுத் தடுப்பு மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும் என்கிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 747 கேட்பது 160 மி.மீ., ஆறு அங்குலத்துக்கும் சற்று அதிகம். தடுப்பு 12 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குல மெத்தை போட்டால் 7 மிஞ்சும். ஆசைப்பட்டு 8 அங்குல மெத்தை போட்டால் 4தான். பழைய கட்டிலின் ஸ்பிரிங் மெத்தையை மேலே தூக்கிப் போடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பேச்சையே சில வருஷம் தள்ளிப்போடலாம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

இரும்புக் கட்டில் முறிந்து விழுந்ததாக எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் சொன்னதில்லை. ஆடுகிறது என்று சொல்லாதவர்களும் இல்லை. பெட்டியின் மேல் போட்டிருக்கும் எடைக் கணக்கு அசையாமல் கிடக்கும் எடைக்கானது, மெத்தையும் அதில் சேர்த்தி. நீங்கள் புரண்டு படுக்கும்போது கட்டில் பக்கவாட்டில் எவ்வளவு அசையும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

காரணம் உயரம். பக்கவாட்டில் ஒரே அளவு தள்ளினால், காலின் நீளம் இரட்டித்தால் அது வளைவது எட்டு மடங்காகும். சாதாரணக் கட்டிலின் கால் ஒரு அடி, இதன் கால் ஐந்து அடி. மேலும் நான்கு கால், இரண்டு நீளச் சட்டம் என்று வெறும் செவ்வகமாக நின்றால் அது தள்ளும் பக்கம் சாயத்தான் பார்க்கும். குறுக்கே ஒரு சாய்வுக் கம்பி போட்டால் முக்கோணம் ஆகிவிடும், முக்கோணம் சாயாது. ஆகவே வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் சாய்வுக் கம்பியோ, பாதி உயரத்தில் இன்னொரு நீளச் சட்டமோ இல்லாத கட்டில் ஆடும்.

அடுத்தது குழாய். 18 கேஜ் என்றால் தகடு சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.5 மி.மீ. எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆனால் தகட்டுக் கனத்தைவிடக் குழாயின் பருமன்தான் முக்கியம். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய்க்குப் பதில் அதே கனத்தில் இரண்டு அங்குலக் குழாய் போட்டால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். பெட்டியில் வருபவை பெரும்பாலும் ஒல்லியாக இருப்பதற்குக் காரணம், அவை பெட்டிக்குள் அடங்க வேண்டும், ஒருவர் தூக்க வேண்டும்.

மாட்டிய கதை

எனக்கு வந்தது 43 கிலோ, இரண்டு பெட்டி. உதவிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். நீளச் சட்டத்தை நெஞ்சு உயரத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், தனியாள் வேலை இல்லை இது. வெளி அறையில் தாராளமாக இடம் இருக்கிறதே என்று அங்கே மாட்டிவிடாதீர்கள். முழுக் கட்டில் எந்தக் கதவுக்குள்ளும் நுழையாது.

சாமான்களைத் தரையில் பரப்பி எண்ணியபோதே ஒரு நட் குறைந்தது. கேட்டதற்கு அனுப்பினார்கள், பத்து நாள் கழித்து. அதுவரை சும்மா இருக்க முடியாமல் மற்றதை மாட்ட ஆரம்பித்தோம். இந்தக் கட்டில்களில் பாதி இணைப்புகள் உருளை நட் வகை. சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சின்ன உருளை, அதன் வயிற்றில் மரையுள்ள துளை. அதைக் குழாயின் பக்கத் துளைக்குள் போட்டு, எதிர்ச் சட்டத்திலிருந்து வரும் போல்ட் அந்த வயிற்றுத் துளைக்குள் நுழைகிற மாதிரி திருப்ப வேண்டும். உள்ளே எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. போல்ட் போய் முட்டும், திரும்பும், முட்டும். அரை மணி நேரம் தடவிய பிறகுதான் உருளையின் தலையில் ஒரு கோடு வெட்டியிருப்பதைக் கவனித்தேன். அந்தக் கோடு துளை பார்க்கும் திசையில் இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கோட்டில் வைத்துச் சட்டத்தின் திசைக்குத் திருப்பினால் போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது. விளக்கத்தாளில் இது படமாகவே இருந்தது, அரிசி அளவில்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். எந்த போல்ட்டையும் முதலில் முழுக்க முறுக்காதீர்கள். எல்லாம் தொங்கலாக, பாதி முறுக்கில் நிற்கட்டும். முழுச் சட்டமும் நின்ற பிறகு மேல்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. இல்லையென்றால் நீளமாக வரும் மூலையை உள்ளே தள்ளிச் சரிசெய்துவிட்டு அப்புறம் முறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசி மூலையில் துளை துளையோடு சேராது. சுத்தியல் எடுக்கத் தோன்றும், பெயின்ட் உரியும், உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். பவர் டிரில்லால் முறுக்கவும் வேண்டாம், மரை தேய்ந்துவிடும். பெட்டியோடு வரும் ஆலன் கீ உள்ளங்கையைக் கிழிக்கும், நீளப் பிடி உள்ளதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணிக்கு எல்லாம் இறுகி முடிந்தது. தம்பி சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, ஏணி எந்தப் பக்கம் வரணும்?" என்றான். ஏணி அலமாரிப் பக்கம் இருந்தது. அலமாரியைத் திறக்க முடியவில்லை. மறுபடி பிரித்தோம்.

கட்டிலைச் சுவரோடு கட்டினால் ஆட்டத்தில் முக்கால்வாசி போய்விடுகிறது. இரண்டு எல் கிளாம்ப், செங்கல் சுவரில் பிளக் அடித்து ஸ்க்ரூ. வாடகை வீட்டில் துளை போட அனுமதி இல்லையென்றால் கட்டிலை மூலையில் தள்ளி, சட்டத்துக்கும் இரு சுவருக்கும் நடுவே ரப்பரைத் திணியுங்கள். இதில் ஓரளவு அடங்கும், முழுக்க அடங்காது.

படுத்துப் பார்த்தால்

முதல் மாதம் கிரீச் சத்தம்தான். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் அமைதி, அப்புறம் எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாகி மறுபடி சத்தம். கடைசியில் பட்டைகள் உட்காரும் இடங்களில் மெத்தென்ற ஃபெல்ட் டேப் ஒட்டி, போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர் போட்ட பிறகுதான் அடங்கியது. மாட்டி இரண்டு வாரம் ஆனதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சத்தம் திரும்ப வந்தால் எங்கேயோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏணிதான் இதில் பெரிய விஷயம். என்னுடையதில் உருட்டுக் கம்பி, செங்குத்து ஏணி. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வெறுங்காலோடு இறங்கும்போது ஒவ்வொரு கம்பியும் பாதத்தின் நடுவில் அழுத்தும். அகலத் தட்டைப் படி, சற்றுச் சாய்ந்த ஏணி இருந்தால் நல்லது. அதற்கு ஒன்றரை அடி இடம் கூடுதலாகப் போகும், போகட்டும். காய்ச்சல் வந்த மூன்று நாளும் நான் கீழே பாய் விரித்துத்தான் படுத்தேன். மூட்டு வலி உள்ளவர்கள், இரவில் அடிக்கடி எழுந்து போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், இது அவர்களுக்கு இல்லை.

படுக்கை விரிப்பு மாற்றுவது ஒரு உடற்பயிற்சி. விரிக்க வேண்டிய மெத்தையின் மேலேயே மண்டி போட்டுக்கொண்டு அதன் மூலையைத் தூக்க வேண்டும். எலாஸ்டிக் வைத்த விரிப்பு, எடை குறைந்த ஃபோம் மெத்தை, இந்த இரண்டும் இல்லாமல் முடியாது. கோடையில் சூடு மேலே தேங்கும். தரைக்கும் மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு உணரும். கண்ணாடி, போன், தண்ணீர் பாட்டில் வைக்கத் தடுப்பில் மாட்டும் ஒரு சின்னக் கூடை தேவை. போன் சுவரிடுக்கு வழியாகக் கீழே மேசைமேல் விழுந்து உடைந்த பிறகுதான் நான் மாட்டினேன். விளக்குக் கம்பியைச் சட்டத்தோடு கட்டும்போது இணைப்புகளுக்கு நடுவே நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது இரும்பு, உரிந்த ஒயர் தொட்டால் முழுக் கட்டிலும் ஷாக் அடிக்கும். குழந்தைகள் படுக்கும் கட்டிலில் கயிறு, பெல்ட், துண்டு எதையும் தொங்கவிடக் கூடாது, கழுத்தில் சிக்கினால் ஆபத்து.

கீழே கிடைத்த இடம்? நன்றாகவே இருக்கிறது. மேசை, நாற்காலி, பின்னால் புத்தகங்கள். எல்.ஈ.டி. பட்டை ஒட்டாவிட்டால் பகலிலும் இருட்டு. நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்தால் சட்டம் மண்டையில் இடிக்கும். என் உயரம் 5 அடி 7, கீழே இருப்பது 5 அடி சொச்சம். ஒரு மாதத்தில் குனியப் பழகிவிட்டேன். விருந்தாளிகளுக்குத்தான் பழகவில்லை.

மற்ற மூன்று வழிகள்

வெல்டிங் பட்டறையில் செய்ததுதான் நான் ஏறிப் பார்த்ததில் அசையாத கட்டில். இரண்டு அங்குலக் குழாய், உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவு, தட்டைப் படி, எல்லாம் கேட்டு வாங்கலாம். ஆனால் முழுக்க வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தால் கதவுக்கு வெளியே நிற்கும். தலைமாட்டுச் சட்டம், கால்மாட்டுச் சட்டம் இரண்டை மட்டும் வெல்டிங் செய்து, நீளச் சட்டங்களைத் தடித்த தகடும் போல்ட்டும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போதும் பிரிக்கலாம். வெல்டிங் தெறிப்புகளை ராவி வழவழப்பாக்கினார்களா என்று கையால் தடவிப் பாருங்கள், இல்லையென்றால் போர்வை கிழியும். குழாயின் திறந்த வாய்களுக்கு மூடி போடச் சொல்லுங்கள். பெயின்ட் வாசனை போகும்வரை, ஒரு வாரமாவது, மேலே படுக்காதீர்கள். தடுப்பின் இடைக்கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நீங்களே சொல்ல வேண்டும்: அமெரிக்க விதிப்படி மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பட்டறைக்காரர் ஜன்னல் கிரில் கணக்கில் போட்டுவிடுவார்.

மரம் சத்தத்தில் ஜெயிக்கும். இரும்பு மாதிரி அதிர்வைக் கடத்தாது, தொட்டால் சில்லென்று இருக்காது, சுவருக்குச் சுவர் அளவெடுத்துப் படிக்கட்டும் அடியில் இழுப்பறைகளும் வைத்துச் செய்யலாம். அதே பலத்துக்குச் சட்டம் தடிக்க வேண்டும் என்பதால் கீழே இடம் கொஞ்சம் குறையும். ஈரக் காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்குவதால் போல்ட் இணைப்புகள் தளரும். மூட்டைப்பூச்சி வந்தால் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். அந்த வகையில் இரும்பு ஓரளவு நிம்மதி. சொந்த வீடு, பத்து வருஷம் அதே அறை என்றால் மரத்துக்குச் செலவழிக்கலாம். வீடு மாறுகிறவர்களுக்கு அது சுமை.

தரை வழியை நான் ரொம்ப நாள் கேவலமாக நினைத்திருந்தேன். மடிப்பு மெத்தையைக் காலையில் சுருட்டினால் அறை முழுவதும் உங்களுடையது. ஏணி இல்லை, ஆட்டம் இல்லை, ஃபேனுக்குப் பயமில்லை. சுருட்டும் பழக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது மூன்றாவது நாளே போய்விடும் என்று எனக்கே தெரியும். சுவரோடு மடியும் கட்டில் அந்தச் சோம்பலுக்கு மருந்து. ஆனால் அது சுவரைப் பிடித்து இழுப்பதால் உறுதியான சுவர் வேண்டும், முன்னால் எதையும் வைக்கவும் முடியாது. மேசையை நிரந்தரமாகப் பரப்பி வைத்து வேலை செய்கிறவருக்கு ஒத்துவராது.

யாருக்கு எது

கூரை 8 அடி 10 அங்குலத்துக்குக் கீழே இருந்தால், பெரியவர்களுக்கு முழு உயரப் பரண் வேண்டாம். பாதி உயரக் கட்டில் ஒன்று இருக்கிறது, நாலடிக்குள். அடியில் பெட்டியும் புத்தக அலமாரியும் வைக்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் சரி, விழுந்தாலும் அடி குறைவு. இருவர் படுக்க என்றால் எந்தப் பரணையும் நான் சொல்லமாட்டேன். ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். தனியாள், வாடகை வீடு, கூரையும் கால்மூட்டும் நன்றாக இருக்கின்றன என்றால் பெட்டியில் வரும் இரும்புக் கட்டில் போதும். அதிலும் பின்பக்கச் சாய்வுக் கம்பியும் தட்டைப் படியும் இருப்பதாகப் பாருங்கள். இன்று மறுபடி வாங்குவதென்றால் நான் பட்டறைக்குத்தான் போவேன். வாங்கும் முன் மெத்தையின் மேல்மட்டம் வரும் உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து கூரை வரை அளந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து உங்கள் உச்சந்தலை வரை வரும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

போன மாதம் வீடு மாறினேன். புது அறையின் கூரை 8 அடி 4 அங்குலம். நூறிலிருந்து 67 போனால் 33. என் தலைக்கு 35 வேண்டும். கட்டிலைப் பிரித்து, போல்ட்டுகளை வகைவாரியாக உறையில் போட்டு, ஒவ்வொரு சட்டத்திலும் டேப் ஒட்டி எண் எழுதித் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அறையில் மாட்டப் போனபோது பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்டான், ஏணி எந்தப் பக்கம் என்று.